ஸ்பீடு கேமரா கேட்டு ஊரில் மனு எழுதுகிறார்கள், நான் கையெழுத்துப் போடலாமா?

உச்சிப்புளிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் ரோட்டில், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் உள்ள ஊர் எங்களுடையது. பெயர் வேண்டாம், எங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேராவது இங்கே இருப்பார்கள். வீட்டு வாசலுக்கும் தார் ரோட்டுக்கும் இருபது அடி இருந்தால் அதிகம். பகலில் டூரிஸ்ட் கார், இரவில் மீன்வண்டி, ஆடி அமாவாசை தை அமாவாசை என்றால் விடிய விடிய வேன்.

போன மாதம் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் சாயங்காலம் பட்டிக்கு ஓட்டி வந்த ஆடுகளில் ஏழு, ஒரே காரில் அடிபட்டுச் செத்துப்போயின. கார் நிற்கவே இல்லை. நம்பரை யாரும் பார்க்கவில்லை. மறுநாளே இளவட்டங்கள் கூடி, இந்த இடத்தில் ஸ்பீடு கேமரா வைக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதிவிட்டார்கள். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுப்பதாகத் திட்டம். வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள், என்னிடமும் இரண்டு தடவை வந்துவிட்டார்கள், நான்தான் அப்புறம் அப்புறம் என்று தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

காரணம் இதுதான். எனக்குச் சில மாதங்களுக்கு முன்னால் ஒரு இ-சலான் வந்தது. ஹெல்மெட் போடவில்லை, ஆயிரம் ரூபாய். இடம் நான் காலே வைக்காத வேறொரு ஊர். அன்றைக்கு என் பைக் வீட்டில் பஞ்சராகி நின்றது. படத்தைத் திறந்து பார்த்தால் ஒரு ஸ்கூட்டி நிற்கிறது, ஓட்டுவது யாரோ ஒரு அம்மா. நம்பரைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் புரிந்தது: அது டிஎன் 63, சிவகங்கை வண்டி. என்னுடையது டிஎன் 65. மற்ற எழுத்தும் எண்ணும் அச்சாக ஒன்று. போய்க் கேட்டேன், ஆன்லைனில் பாருங்கள் என்றார்கள். ஆன்லைனில் பார்த்தால் கோர்ட்டுக்குப் போ என்கிறது. அந்த நேரம் பார்த்து பைக்கை விற்க வேண்டியிருந்தது, வாங்க வந்தவர் சலான் பாக்கி இருப்பதைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். கடைசியில் செய்யாத தப்புக்கு ஆயிரம் ரூபாய் கட்டி முடித்தேன். கட்டினால் தப்பை ஒத்துக்கொண்டதாக அர்த்தம் என்று அப்புறம் ஒருத்தர் சொன்னார், அது வேறு எரிச்சல்.

அந்த வம்பை இப்போது நானே கையெழுத்துப் போட்டு வாசலுக்குக் கூப்பிட வேண்டுமா? போடாவிட்டால் நாளைக்கு ஒரு பிள்ளை அடிபட்டால் ஊர் என் முகத்தைப் பார்க்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மீன்வண்டி_65

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அந்த ஏழு ஆடும் என் கணக்கில் இல்லை. நான் இந்த ரோட்டில் இருபது வருஷத்துக்கு மேல் லோடு ஓட்டுகிறேன். பாம்பன், மண்டபத்தில் ஏற்றினால் பாதி நாள் கேரளாதான்.

நாங்கள் ஏன் மிதிக்கிறோம் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன். மீன்பிடிப் படகு கரைக்கு வருகிற நேரம் எங்கள் கையில் இல்லை. மார்க்கெட் தொடங்குகிற நேரமும் எங்கள் கையில் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ரோடு மட்டும்தான் எங்கள் கையில். ஒரு மணி நேரம் பிந்திப் போனால் நண்டும் கணவாயும் பாதி விலை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15க்கு அப்புறம் வரும் முதல் வாரத்தில் இந்த ரோட்டில் நின்று பாருங்கள், 61 நாள் சும்மா கிடந்த பசி எல்லா வண்டியிலும் தெரியும். ஓனர் பத்து நிமிடத்துக்கு ஒரு போன், எங்கே வருகிறாய் எங்கே வருகிறாய் என்று. கேமரா பிடித்தால் சலான் ஆர்சி ஓனர் பெயருக்குத்தான் போகும், அவர் அதை என் பேட்டாவில் பிடித்துக்கொள்வார். சீக்கிரம் வா என்று சொன்னவருக்கு ஒரு ரூபாய் நட்டம் கிடையாது.

கேரளாவில் ஊரெல்லாம் ஏஐ கேமரா என்று 2023 ஜூன் 5 முதல் ஃபைன் போட ஆரம்பித்தார்களே, மொத்தம் 726. அதில் வேகத்துக்கு என்று வைத்தது எத்தனை தெரியுமா? நிற்க வைத்தது 4, வண்டியில் கொண்டுபோவது 4, ஆக எட்டு. 675 கேமரா ஹெல்மெட், சீட் பெல்ட், செல்போன் பார்க்கத்தான். மீதி 25 பார்க்கிங்குக்கு, 18 சிக்னலுக்கு. அதனால் கேமரா வேண்டும் என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் உங்கள் வாசலில் வந்து நிற்பது, பால் வாங்கப் போகும் உங்கள் ஆத்தாவுக்கு ஹெல்மெட் இல்லை என்று படம் பிடிக்கும் கேமராவாகத்தான் இருக்கும். சீறிப் போகிற காரை அது சீண்டாது.

வேகக் கேமராவே வைத்தாலும் என்ன ஆகும்? மேப்பில் ஒரு குரல் முன்கூட்டியே சொல்லிவிடும். உங்கள் ஊர் வரைக்கும் 50, தாண்டினதும் 90. அடுத்த ஊர்க்காரரிடமும் ஆடு இருக்கிறதுதானே?

சும்மா_பார்ப்பவன்

எல்லாம் வசூல். இருட்டில் கிடக்கிற ரோட்டுக்கு லைட் போடத் துப்பில்லை, ராத்திரி ரோட்டில் படுக்கிற மாட்டைக் கட்ட ஆள் இல்லை, கேமரா மட்டும் உடனே வந்துவிடும். 2022 அக்டோபரில் ஹெல்மெட் ஃபைனை ஆயிரமாக்கினார்கள், அன்றைக்கு ஹெல்மெட் கடைக்காரர்கள் சிரித்ததை நான் பார்த்தேன். கையெழுத்துப் போடாதே ப்ரோ.

கீழக்கரை_டு_தேரா

மீன்வண்டி காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்ன கடைசி விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அவர் சொன்னது சரி.

நான் துபாயில் பதினோரு வருஷமாக டெலிவரி வேன் ஓட்டுகிறேன். இங்கே போர்டில் இருக்கிற வேகத்துக்கு மேல் 20 வரை ரேடார் விட்டுவிடும், அதற்கு மேல் ஒன்று கூடினாலும் பளிச். அபுதாபியில் அந்த 20 சலுகையை 2018 ஆகஸ்டில் எடுத்துவிட்டு, போர்டில் போட்டதுதான் வேகம் என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கு ஒரே ஒரு தடவை 600 திர்ஹம் விழுந்தது, நம் காசுக்குப் பதிமூன்றாயிரத்துக்கு மேல். அந்த மாதம் ஊருக்குப் பணம் அனுப்பும்போது வாப்பாவிடம் என்ன பொய் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். அதற்கப்புறம் விழவே இல்லை. ஆனால் லீவில் வந்தால், மச்சான் காரை வாங்கிக்கொண்டு கீழக்கரையிலிருந்து சாயல்குடி வரை ஈசிஆரில் 110ல் போகிறேன். கால் அதே கால்தான். அங்கே பிடிபடுவோம் என்று தெரியும், இங்கே பிடிபட மாட்டோம் என்று தெரியும், வித்தியாசம் அவ்வளவுதான்.

கேமராவைத் தாண்டினதும் மிதிப்பதற்கு மருந்து இருக்கிறது. ஒரு கம்பத்துக்குப் பதில் இரண்டு கம்பம். இரண்டும் நம்பரைப் படித்து நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். நடுவில் 6 கிலோமீட்டர் என்று வையுங்கள், 60ல் வந்தால் சரியாக 6 நிமிடம் ஆகும். நாலரை நிமிடத்தில் வந்துவிட்டீர்கள் என்றால் சராசரி 80, சலான். எங்கே பிரேக் பிடித்தீர்கள், எங்கே மிதித்தீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தேவையே இல்லை. இங்கிலாந்திலும் இத்தாலியிலும் பல வருஷமாக இருக்கிற ஏற்பாடு. நடுவில் வண்டியை நிறுத்தி டீ குடித்து நேரத்தைச் சரிக்கட்டுவார்களே என்று கேட்பார்கள். குடிக்கட்டும், டீக்கடையில் நிற்கிற வண்டி ஆட்டை அடிக்காது.

சும்மா ஒரு செய்தி காக்கா, வேகக் கேமராவைக் கொண்டுவந்த நெதர்லாந்துக்காரர் காட்சோனிடஸ் ஒரு கார் பந்தய ஓட்டுநர். வளைவில் தன் வேகத்தை அளந்து பார்த்து இன்னும் வேகமாகப் போவதற்குத்தான் முதலில் அந்தக் கருவியைச் செய்தார்.

குமாஸ்தா_ஓய்வு

தம்பி உச்சிப்புளி, உமக்கு வந்த சலானைக் கேமராவின் தலையில் போடுவதற்கு முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். சலான் என்றாலே கேமரா என்று ஆகிவிட்டது. ஆனால் பல சலான்கள் ஒருவர் தன் கையில் உள்ள போனில் படம் எடுத்து, நம்பரைத் தட்டி அனுப்பியவை. 63ஐ 65 என்று மெஷினும் தப்பாகப் படிக்கும், வெயிலில் நின்று கண் பூத்துப்போன மனிதரும் தப்பாகத் தட்டுவார். எது என்று தெரிந்தால்தான் எதை எதிர்ப்பது என்று தெரியும்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் 136ஏ என்று ஒரு பிரிவு வந்தது, மின்னணுக் கண்காணிப்பு பற்றியது. அதற்கான விதி 167ஏ, 2021 ஆகஸ்டில் வெளியானது. அதில் மனுவுக்கு உதவும் விஷயங்கள் நிறைய உண்டு. கருவிக்கு அங்கீகாரச் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்று எச்சரிக்கைப் போர்டு, கேமராவுக்கு முன்னாலேயே வைக்க வேண்டும், அதாவது மரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் பிடிப்பது விதியில் இல்லாத வேலை. சலானில் குற்றம் தெரிகிற படமும், நம்பர் பிளேட்டும், கருவி காட்டிய அளவும், தேதி, நேரம், இடமும் இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளைக்குள் அறிவிப்பு வர வேண்டும்.

உம்முடைய விஷயத்தில் பரிவாகன் என்ற மத்திய அரசின் இ-சலான் தளத்தில் புகார் பகுதி இருக்கிறது, அங்கே படத்தையும் ஆர்சியையும் போட்டிருக்கலாம். விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது ஆன்லைனில் நடக்கும் கோர்ட்டுக்கு, போய்விட்டது என்றால் அங்கே இரண்டு வழி: ஒத்துக்கொண்டு கட்டுவது, இல்லை வழக்காடுகிறேன் என்று சொல்வது. வழக்காடுகிறேன் என்றால் வழக்கு சாதாரண கோர்ட்டுக்கு மாறும், அதுவும் சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் ஊர்க் கோர்ட்டுக்கு. எனக்கு இந்த ஏற்பாட்டிலேயே பிடிக்காத இடம் இதுதான். சென்னையில் விழுந்த தப்பான சலானுக்கு நம் ஆள் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டு, வாய்தா வாங்கித் திரும்ப வேண்டும். ஆயிரம் ரூபாயைக் கட்டிவிட்டுப் போவதுதான் லாபம் என்று எல்லோரும் கட்டுகிறார்கள், அப்புறம் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், கேமரா தப்பே செய்வதில்லை என்று கணக்கு வரும். வேலையில் இருந்த காலத்தில் இந்த மாதிரி எத்தனை கட்டு பார்த்திருப்பேன்! முப்பது வருஷம் கட்டுகளைத் தூக்கித்தான் முதுகு இப்படி ஆனது, அது போகட்டும்.

அதற்காகக் கேமராவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த 136ஏ பிரிவை மாநிலங்கள் அமல்படுத்த வேண்டும் என்று 2024ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கைப் போட்டவர் கோயம்புத்தூர் எலும்பு முறிவு டாக்டர் ராஜசேகரன். உடைந்த எலும்பைத் தினமும் பார்க்கிற மனிதர், வசூலுக்காகப் போட்டிருக்க மாட்டார்.

இன்னொன்று, இதை எல்லோரும் வீட்டில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சலான் என்று சொல்லி ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) வந்தால் தொடாதீர்கள். தொண்டியில் என் மைத்துனர் அதைத் திறந்து, காலையில் பார்த்தால் கணக்கில் பணம் இல்லை. அரசு தளம் என்றால் முகவரி ஜிஓவி.இன் என்று முடியும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போடுங்கள்.

தங்கச்சிமடம்_டீச்சர்

எல்லோரும் வேகத்தையே பேசுகிறீர்கள். எங்கள் ராமேஸ்வரம் தீவுக்காரர்களுக்கு வேகமாகப் போகிற வண்டியைவிட நிற்கிற வண்டிதான் எமன். பாம்பன் ரோட்டுப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், 1988ல் திறந்தது. தீவை விட்டு ரோட்டில் வெளியே போக அது ஒன்றுதான் வழி. அதில் காரை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு இறங்கிக் கடலைப் பார்க்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்த பிறகு கேட்கவே வேண்டாம், தூக்குப் பாலம் தூக்குகிறது என்றால் ரோட்டுப் பாலத்தில் திருவிழா. பெரிய வைத்தியம் என்றால் நாங்கள் ராமநாதபுரம் போயாக வேண்டும். போன வருஷம் என் அத்தையை ஆம்புலன்ஸில் கொண்டு போனபோது பாலத்தின் நடுவில் கால் மணி நேரம் நின்றோம். ஹாரன் அடித்து அடித்து டிரைவர் தம்பி அழாத குறை. அத்தை பிழைத்துக்கொண்டார்கள், அது வேறு விஷயம். நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்துவதையும் இந்தக் கேமரா விதியிலேயே சேர்த்திருக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் முதல் கேமராவை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டால் பாலத்தில்தான்.

உச்சிப்புளித் தம்பிக்கு: கையெழுத்துப் போடுங்கள். 80ல் வரும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் தாண்டும். ரோட்டில் ஆடு நிற்கிறது என்று ஓட்டுபவர் கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த 22 மீட்டர் முடிந்துவிடும், அதற்கப்புறம்தான் வண்டி நிற்கவே ஆரம்பிக்கும். இருபது அடியில் வாசல் வைத்திருக்கிற ஊருக்கு இது போதாதா? பல நாட்டு ஆய்வுகள் 35ஐச் சேர்த்துப் பார்த்து 2010ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு ஒரு தொகுப்பு வெளியிட்டது. கேமரா உள்ள இடங்களில் உயிர்ப்பலி, பலத்த காயம் ஏற்படும் விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்திருந்தன. வசூலோ கிசூலோ, குறைகிறது.

பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை நாலுவழிச் சாலைக்கு 2025 ஜூலையில் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள், 46.7 கிலோமீட்டர். அது முடிந்ததும் மதுரைப் பக்கமிருந்து 100ல் பழகி வருகிற கால், ராமநாதபுரம் தாண்டி உங்கள் ஊர் ரோட்டில் திடீரென்று 50க்கு இறங்குமா? இப்போதே கேட்டு வையுங்கள்.

பாரதிநகர்_சிசிடிவி

கேமரா மாட்டுவது என் தொழில், வீடு கடை இரண்டுக்கும். யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன்: உப்பு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கடலோரம் மாட்டிய கேமராக் கண்ணாடியில் பத்து நாளில் வெள்ளையாகப் படை கட்டும், தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். கனெக்டர் பச்சை பூத்துவிடும். ஒரு இறால் பண்ணைக்கு மாட்டிக் கொடுத்தது ஒரே மழைக்காலத்தில் போய்விட்டது. அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் 63, 65, 68 எல்லாம் ஒன்றுதான். யார் எத்தனை நாளைக்கு ஒருமுறை துடைப்பது என்று மனுவிலேயே எழுதுங்கள். வாங்கிக் கொடுக்க எல்லோரும் வருவார்கள், துடைக்க யாரும் வர மாட்டார்கள்.

மீன்வண்டி_65

துபாய்த் தம்பி சொன்ன இரண்டு கம்பம் யோசனை நேற்று முழுக்க மண்டையில் ஓடியது. அப்படி வைத்தால் எனக்கும் சம்மதம். ஏன் என்றால் எல்லா மீன்வண்டியும் ஒரே நேரத்தில் பிந்தும், யாருக்கும் நட்டம் இல்லை. ஓனர் போன் பண்ணினால், கேமரா இருக்கிறது முதலாளி, சலான் உங்கள் பெயருக்குத்தான் வரும் என்று சொல்ல எனக்கும் ஒரு வார்த்தை கிடைக்கும். இத்தனை வருஷமாக அந்த வார்த்தை இல்லாமல்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

உச்சிப்புளிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பையன்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, பழைய மனுவைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம். ஸ்பீடு கேமரா வேண்டும் என்ற ஒற்றை வரிக்குப் பதில் இப்போது ஒன்றரைப் பக்கம். வேகத்துக்கான கேமரா மட்டும், இரண்டு கம்பமாக, ஊருக்கு முன்னால் ஒன்று, அடுத்த ஊர் தாண்டி ஒன்று. முன்னாலேயே போர்டு. சான்று புதுப்பித்த தேதியைக் கம்பத்திலேயே எழுதி வைக்க வேண்டும், இது என் யோசனை, விதியில் இருக்கிறதோ இல்லையோ கேட்டு வைப்போம். துடைக்கும் பொறுப்பு யாருக்கு என்று ஒரு வரி. தப்பாக வந்த சலானைக் கேட்க ராமநாதபுரத்திலேயே ஒரு ஆள், ஒரு மேஜை. பாலத்தைப் பற்றி டீச்சர் சொன்னதைத் தனி மனுவாக எழுதுவது நல்லது என்று பையன்கள் சொன்னார்கள், தங்கச்சிமடத்துக்காரர்கள் எழுதினால் நாங்களும் வந்து கையெழுத்துப் போடுகிறோம். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கலெக்டர்தான் தலைவர் என்பதால் அந்தக் குழுவுக்கும் ஒரு நகல். அடுத்த கிராம சபையில் தீர்மானமாகவும் போடச் சொல்லியிருக்கிறோம்.

நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆட்டுக்கார அண்ணன் மட்டும் இன்னும் போடவில்லை. ரோட்டில் ஆட்டை விட்டது யார் என்பதும் அதில் பதிவாகுமே என்கிறார்.